எப்போதும் ஆறு வயது

இரவு இரண்டரைக்கு வந்தார் திருவலம் தணிகாசலம்.
பொன்னையாற்றுப் பாலத்துக் காற்று
இன்னும் சட்டைக்குள் படபடத்தது.
"ஓ நெகட்டிவ் கேட்டிருந்தீங்களே,
ஆறு வயசுக் குழந்தைக்கு?"

நாங்கள் கேட்கவில்லை.
போனை நீட்டினார்.
*அவசரம். வேலூர். இதயத்தில் ஓட்டை.
இன்று மாலைக்குள் ரத்ததம் தேவை.
பகிர்ந்தால் ஒன்றும் குறையாது.*

ரத்ததம்.
கூடுதலாக நிற்கும் அந்தத் 'த'வை
எனக்கு நன்றாகத் தெரியும்.

என் முதுகுக்குப் பின்னால் குளிர்பெட்டி.
அதில் ஒவ்வொரு பைக்கும் ஜாதகம் உண்டு:
கொடுத்தவர் எண், எடுத்த நேரம், எடுத்தவள் கையெழுத்து,
எந்தக் கை மாறி எந்தத் தட்டுக்கு வந்தது என்று.
முப்பத்தைந்து நாள் முடிந்தால்
எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் கழிவு.
இந்தச் செய்திக்கு மட்டும் சாவில்லை.
எந்த மாலையில் படித்தாலும்
இன்று மாலை என்கிறது.

போன ஆடியில்தான் தேட ஆரம்பித்தேன்.
ஏமாந்து வந்தவர்களிடமெல்லாம் கேட்டு வாங்கினேன்,
யார் அனுப்பியது, எந்த குரூப், என்றைக்கு.
ஏட்டுப் பிரதிகளைப் பரப்பிவைத்துப்
பாடபேதம் பார்ப்பவர்கள் மாதிரி
டியூட்டி ரூம் மேசையில் பரப்பினேன்.
இதயத்து ஓட்டை ராணிப்பேட்டைக்கு அப்புறம் விழுந்தது.
காட்பாடிக் கிளையில் அது ரத்தப் புற்று.
கும்பிடும் கைகள் மூன்று,
குடியாத்தம் தாண்டும்போது ஐந்து.
பொய்யை நம்ப முடியாது, பிழையை நம்பலாம்:
'த' கூடியவை எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
கூடாத ஒன்று எங்காவது இருந்தால்
அதுதான் மூத்தது.

அதிலிருந்த நம்பருக்குப் போட்டேன்.
பேரணாம்பட்டில் எடுத்தார் முனவ்வர்,
பின்னால் தோல் தைக்கிற மிஷின் சத்தம்.
"இந்த சிம் எங்கிட்ட வந்து நாலு வருசம் ஆவுது மேடம்.
கொழந்தை எப்படி இருக்குன்னு கேக்குறாங்க.
நல்லா இருக்குன்னு சொல்லிடுவேன்.
வேற என்ன சொல்றது?"

நல்லாத்தான் இருக்கிறாள்.
ஒன்பது வருடப் பதிவேட்டில் கிடைத்த முகவரி சோளிங்கர்.
ஜோஷிகா, பத்தாம் வகுப்பு.
கொரடா இல்லாமல் கேரியர் திறப்பாள் என்றார் அப்பா.
பெருமையாகச் சொன்னவர்
கொஞ்சம் நிறுத்தி,
"போன வாரம் அவளே இதை கிளாஸ் குரூப்ல போட்டிருக்கா மேடம்,
பாவம் யாரோ ஒரு பாப்பான்னு."

பழைய போனுக்குச் சார்ஜ் ஏற்றி
அவர் அடித்த மூலத்தை அனுப்பினார்.
பெயர் இருந்தது. வார்டு எண் இருந்தது.
ஒரு புதன்கிழமையும் தேதியும் இருந்தன.
ஒற்றைத் 'த'.

முதலில் யாருக்கு அனுப்பினீர்கள் என்றேன்.
வார்டில் ஒரு டிரெய்னிப் பொண்ணு, அது கேட்டுச்சு, என்றார்.
கடைசி நான்கு எண்களைச் சொன்னார்.

பாகாயம் ஹாஸ்டல், இரவு பதினொன்றே கால்.
நீளமாக இருந்தால் யார் படிக்கிறார்கள்?
பெயரை எடுத்தேன். புதன்கிழமையை எடுத்தேன்.
நல்ல மனசோடுதான் எடுத்தேன்.
அவசரத்தில் விரல் ஒருமுறை கூடுதலாகத் தட்டியது.

தணிகாசலம் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.
குளிர்பெட்டியில் அன்றைக்கு ஓ நெகட்டிவ் ஒரே ஒரு பை.
மேலே பிரசவ வார்டில்
ராஞ்சியிலிருந்து வந்த ஒருத்தி.

முதலில் எல்லாவற்றையும் சொன்னேன்.
கேட்டுவிட்டு,
"அப்ப அந்தப் பொண்ணு பொழச்சிடுச்சா?" என்றார்.
சட்டைக் கையை அவரே மடித்துக்கொண்டார்.

படிவத்தில் 'யார் மூலம் அறிந்தீர்கள்' என்கிற கட்டத்தில்
வாட்ஸ்அப் என்று எழுதியிருந்தார்.
அதை அடித்துவிட்டு
என் பெயரை எழுதினேன்.
பக்கத்தில் தேதியும்.